வேளாண் கண்காட்சியில் மொழிபெயர்ப்பாளர் வேலை: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேளாண் வணிகக் கண்காட்சியில் மொழிபெயர்ப்பாளரின் வேலை பெரும்பாலும் நின்றுகொண்டே நடப்பது. ஒரு பக்கம் இயந்திரமோ விதையோ விற்க வந்த நிறுவனத்தார். மறுபக்கம் விவசாயி, டீலர் அல்லது இறக்குமதியாளர். ஒருவர் இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்துவார், அதை நீங்கள் அடுத்தவர் மொழியில் சொல்ல வேண்டும். இரண்டு மொழியும் சரளமாக வருகிறவர்கள் இதை எளிய வேலை என்று நம்பி வருகிறார்கள். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மொழியில் அல்ல, எண்ணிலும் அலகிலும்தான். எத்தனை குதிரைத்திறன், ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர், எந்தத் துறைமுகம் வரைக்கும் என்ன விலை என்பதை வைத்துத்தான் வாங்குபவர் முடிவெடுக்கிறார். வாக்கியம் கரடுமுரடாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அலகு மாறிப்போனால் ஒரு கன்டெய்னர் சரக்கே வீணாகலாம். ஆகவே மொழித்திறனுக்குச் செலவிடும் நேரத்தைவிட அதிகமாகவே இதற்குச் செலவிடுங்கள்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

முதல் கேள்வி, எந்த வகைக் கண்காட்சி என்பது. ஜெர்மனியின் ஹனோவரில் வழக்கமாக ஒற்றைப்படை ஆண்டுகளின் நவம்பரில் நடக்கும் அக்ரிடெக்னிகா இயந்திரங்களுக்கானது. அதே வளாகத்தில் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் யூரோடியர் கால்நடை, கோழி வளர்ப்புக்கானது. பெர்லினின் ஃப்ரூட் லாஜிஸ்டிகா பழம், காய்கறி வணிகத்துக்கானது. மூன்றுக்கும் வேண்டிய சொற்கள் வேறு வேறு. டிராக்டர் பாகங்களைக் கரைத்துக் குடித்தவர்கூட பால் பண்ணை ஸ்டாலில் மடிநோய் பற்றிய கேள்வி வந்தால் வாயடைத்து நிற்பார்.

அடுத்து இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

1. நீங்கள் யாருக்காகப் பேசப் போகிறீர்கள்? ஒரு நிறுவனத்தின் ஸ்டாலில் நிற்பதென்றால் அந்தப் பொருள் வரிசையைப் படித்தால் போதும். சுற்றிப் பார்க்க வரும் வாங்குவோர் குழுவோடு போவதென்றால் ஒரே நாளில் விதை, பம்பு, குளிர்பதனக் கிடங்கு என்று எல்லாம் வரும். தயாரிப்பும் கட்டணமும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

2. கருத்தரங்கு, மேடைப் பேச்சு உண்டா? பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடனுக்குடன் மொழிபெயர்க்க இருவர் வேண்டும். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரே ஒரு மணி நேரம் செய்தால் பிற்பாதியில் வாக்கியங்கள் விடுபடும், மொழிபெயர்ப்பவருக்கே அது தெரியாது. ஒரே ஆளை வைத்து இதை முடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அல்லது பேச்சாளர் பகுதி பகுதியாக நிறுத்திப் பேசும் முறைக்கு அவர்களைச் சம்மதிக்க வையுங்கள்.

3. நேரம் எவ்வளவு, இடைவேளை எப்போது? இரவு விருந்துக்கும் வர வேண்டுமா? விருந்து மேசையில் நடப்பதும் வேலைதான். பல நேரம் விலை படிவதே அங்குதான்.

4. திறந்தவெளியில் செயல்விளக்கம் உண்டா? இருந்தால் உடை, காலணி, ஒலிபெருக்கி எல்லாமே மாறும்.

5. கட்டணம் நாளுக்கா, அரைநாளுக்கா? கூடுதல் நேரத்துக்கு என்ன, கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன?

சில நிறுவனங்கள் நாள் சம்பளத்தைக் குறைத்து, விற்பனையில் கமிஷன் தருவதாகச் சொல்லும். ஏற்காதீர்கள். விற்றால்தான் காசு என்று ஆனபின், வாங்குபவரின் தயக்கத்தை அப்படியே சொல்ல நாக்கு வராது. ஒரே நாளில் போட்டி நிறுவனத்தின் ஸ்டாலிலும் வேலை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கம் கேட்ட விலை இன்னொரு பக்கம் போய்விடும் என்ற சந்தேகமே உங்கள் பெயரைக் கெடுக்கப் போதுமானது.

சொல் பட்டியல்

குறைந்தது பத்து நாளுக்கு முன்பே விவரக் குறிப்பேடு, விலைப்பட்டியல், காட்டப்போகும் ஸ்லைடுகள், வரப்போகிறவர்களின் பெயரும் பதவியும் கேட்டு வாங்குங்கள். "கேட்லாக் இணையத்தில் இருக்கிறது" என்று தட்டிக்கழிப்பார்கள். இணையத்தில் இருப்பது விளம்பர வாசகம். உங்களுக்கு வேண்டியது எடை, அகலம், அழுத்தம், கொள்ளளவு என்று வரிசையாக எண் போட்ட தாள்.

அந்தத் தாளின் வரிசையிலேயே பட்டியல் போடுங்கள், அகரவரிசை வேண்டாம். பேச்சும் அந்த வரிசையில்தான் போகும். நான்கு பத்திகள்: மூலச் சொல், தமிழில் சொல்லப்போகும் சொல், அலகு, குறிப்பு. ஒரு ஸ்டாலுக்கு 150 முதல் 200 சொற்கள் போதும். ஆயிரம் சொல் சேர்ப்பவர்களுக்கு நேரத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

தமிழ்ப் பத்தியை நிரப்பும்போது அகராதியை மட்டும் நம்ப வேண்டாம். கேட்கப்போவது விவசாயி. கல்டிவேட்டரை அவர் கொத்துக் கலப்பை என்பார், தட்டுகள் உருளும் கலப்பையைச் சட்டிக் கலப்பை என்பார். கியர், கிளட்ச், பேரிங், ஹைட்ராலிக் எல்லாம் அப்படியேதான் புழங்குகின்றன. அவற்றுக்குத் தூய தமிழ் தேடி அவர் முன் வைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதிகாரிகளும் பேராசிரியர்களும் வரும் கூட்டமென்றால் கலைச்சொல்லும் வேண்டும். ஆகவே ஒரு பொருளுக்கு இரண்டு சொல் எழுதி வையுங்கள்.

பயிர்ப் பெயர்களில் தனிக் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் அமெரிக்கருக்கு மக்காச்சோளம். அவசரத்தில் 'சோளம்' என்று சொல்லிவிட்டால் வேறு பயிர், வேறு விதை, வேறு அறுவடை முனை. 'ரைஸ்' என்றால் நெல்லா அரிசியா என்று கேட்டே ஆக வேண்டும். நெல்லை அரைத்தால் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும். விளைச்சலையும் விலையையும் எதன் கணக்கில் சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டால் மொத்தப் பேச்சும் பிசகிவிடும்.

சுருக்கெழுத்துகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். டி.ஏ.பி. என்பது உர ஸ்டாலில் டை அம்மோனியம் பாஸ்பேட். ஏற்றுமதிப் பேச்சில் அதே மூன்று எழுத்து, குறித்த இடத்தில் சரக்கைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் விற்பனை முறை. உரத்தை ஏற்றுமதி செய்கிறவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடும்.

பட்டியல் முடிந்ததும் அந்த இயந்திரத்தின் காணொளியை ஒலியை அணைத்து ஓட விடுங்கள். திரையில் நடப்பதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் "இது... அது..." என்று இழுக்கிறீர்களோ, அந்தப் பாகத்தின் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேடி எழுதுங்கள். மறுமுறை ஒலியோடு ஓட விட்டு, பேசுகிறவருக்கு இரண்டு வாக்கியம் பின்னால் மொழிபெயர்த்துப் பாருங்கள். ஒரு வாரம் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பயிற்சி நன்றாகப் பலன் தரும்.

எண்ணும் அலகும்

முதல் சிக்கல் பெரிய எண்களில் இருக்கிறது. மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி. இதை யோசித்துச் சொல்லும் நிலையில் இருக்கக் கூடாது. "இரண்டரை மில்லியன்" என்று காதில் விழுந்ததும் "25 லட்சம்" என்று வாய் சொல்ல வேண்டும். "120 மில்லியன்" என்றால் 12 கோடி. தினமும் இருபது எண்ணை யாரையாவது படிக்கச் சொல்லி இரண்டு திசையிலும் மாற்றிப் பழகுங்கள்.

இரண்டாவது, எழுதும் முறை. ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளின் விலைப்பட்டியலில் 1.250 என்றிருந்தால் அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஈரப்பதம் 13,5 என்றிருந்தால் அது பதின்மூன்றரை. புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி நிற்கின்றன. ஜெர்மன்காரர் இரட்டை இலக்க எண்ணைச் சொல்லும்போது ஒன்றின் இலக்கம் முன்னால் வரும், 52 என்பதை "இரண்டும் ஐம்பதும்" என்ற வரிசையில் சொல்வார். முழு எண்ணும் கேட்டு முடிக்கும் முன் எழுதத் தொடங்கினால் 25 ஆகிவிடும். ஆங்கிலத்தில் 15, 50 இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன்று ஐந்தா, ஐந்து சைபரா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

மூன்றாவது அலகு. இதில் ஒரு விதி உண்டு. பேசியவர் சொன்ன அலகிலேயே முதலில் சொல்லுங்கள், பிறகு மாற்றிய அளவைச் "சுமார்" போட்டுச் சேருங்கள். "ஹெக்டேருக்கு 6 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 2.4 டன்" என்பது சரி. மாற்றியதை மட்டும் சொன்னால், கணக்கில் பிசகியது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அடிக்கடி வருபவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்:

ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதாவது 247 சென்ட். ஹெக்டேருக்கு 200 லிட்டர் மருந்துக் கரைசல் என்றால் ஏக்கருக்குச் சுமார் 81 லிட்டர். ஒரு கிலோவாட் 1.36 மெட்ரிக் குதிரைத்திறன், ஆகவே 75 கிலோவாட் என்பது 102. அழுத்தத்தில் 1 பார் 14.5 பி.எஸ்.ஐ. அமெரிக்க கேலன் 3.79 லிட்டர், பழைய பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர். அமெரிக்காவில் வெறுமனே 'டன்' என்றால் பெரும்பாலும் 907 கிலோ. புஷல் என்பது கொள்ளளவில் பிறந்த அலகு என்பதால் எடை தானியத்துக்குத் தானியம் மாறும். கோதுமைக்கும் சோயாவுக்கும் 27.2 கிலோ, மக்காச்சோளத்துக்கு 25.4 கிலோ. 'சென்ட்னர்' இன்னும் மோசம், ஜெர்மானியர் வழக்கில் 50 கிலோ, ரஷ்ய வழக்கில் 100 கிலோ.

நம் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. "ஏக்கருக்கு 35 மூட்டை எடுக்கிறேன்" என்று விவசாயி சொன்னால், மூட்டை எத்தனை கிலோ என்று அவரிடம் கேட்டபிறகே அடுத்த மொழிக்குப் போங்கள். மூட்டையின் எடை ஊருக்கு ஊர், பயிருக்குப் பயிர் மாறும். தேதியும் அப்படித்தான். 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எப்போதும் பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

மேல்பக்கம் சுருள் கம்பி வைத்த சிறு நோட்டு, நின்றபடி ஒரு கையால் புரட்ட அதுதான் வசதி. இரண்டு பேனா. அலகு அட்டை. தண்ணீர். பழகிய காலணி, புதுச் செருப்போடு எட்டு மணி நேரம் கான்கிரீட் தரையில் நிற்க முடியாது. குழுவை அழைத்துச் செல்வதென்றால் சிறிய ஒலிவாங்கியும் காதில் மாட்டும் ரிசீவர்களும் கொண்ட கம்பியில்லாக் கருவி கேளுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஆனால் அது இல்லாமல் குரல் மதியமே கட்டிக்கொள்ளும். உங்கள் சொந்த விசிட்டிங் கார்டை ஸ்டாலுக்கு வருபவர்களிடம் நீட்டாதீர்கள். அங்கே நீங்கள் நிற்பது உங்களை அமர்த்தியவருக்காக.

ஸ்டாலில் முதல் நாள்

திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நிறுவனத்தாரோடு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நான்கு விஷயம் பேசி முடிக்க வேண்டும். எந்தப் பொருளை முன்னிறுத்துகிறார்கள். விலையை யார் சொல்லலாம், எதுவரை சொல்லலாம். சொல்லக் கூடாத தகவல் எது. நீளமாகப் பேசினால் நிறுத்தச் சொல்ல என்ன சைகை. கடைசியானது அற்பமாகத் தோன்றும். ஆனால் உற்சாகமாகப் பேசும் பொறியாளரை வாக்கியத்தின் நடுவே நிறுத்த, முன்கூட்டியே ஒத்துக்கொண்ட சைகை இல்லாவிட்டால் முடியாது.

நிற்கும் இடம்: இருவருக்கும் நடுவே சுவர்போல நிற்காமல், சற்றே பின்வாங்கி முக்கோணமாக நில்லுங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேச வேண்டும். விவசாயி உங்களையே பார்த்துப் பேசத் தொடங்கினால், உங்கள் பார்வையை மெல்ல நிறுவனத்தார் பக்கம் திருப்புங்கள். தானாகச் சரியாகிவிடும்.

பேசுகிறவரின் இடத்திலிருந்தே சொல்லுங்கள். "இரண்டு ஆண்டு உத்தரவாதம் தருகிறோம்" என்று அவர் சொன்னால் நீங்களும் "தருகிறோம்" என்றே சொல்ல வேண்டும். "தருவார்களாம்" என்று சொன்னால் கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நீங்களாகக் கேள்வி கேட்கும்போது மட்டும் "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள். உடனே அடுத்தவருக்கும் "ஓர் அளவைத் தெளிவுபடுத்திக்கொண்டேன்" என்று தெரிவியுங்கள். இருவர் பேசிக்கொண்டே போக மூன்றாமவர் புரியாமல் நிற்பது நம்பிக்கையைக் கெடுக்கும். மூல மொழியில் மரியாதை வேறுபாடு இல்லாவிட்டாலும் தமிழில் எப்போதும் "நீங்கள்"தான். வயதில் மூத்த விவசாயியை "ஐயா" என்றோ, அவர் பகுதியில் புழங்கும் விளியாலோ அழைப்பது இயல்பாக இருக்கும்.

குறிப்பெடுக்கும்போது வாக்கியம் எழுதாதீர்கள். எண், அலகு, பெயர், 'ஆனால்', 'இல்லை' ஆகிய ஐந்தை மட்டும் எழுதுங்கள். மற்றவை நினைவில் நிற்கும். எண்ணை அலகில்லாமல் எழுதவே கூடாது. '200' என்று மட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து அது லிட்டரா, கிலோவா, பாரா என்று தெரியாது.

விவசாயி வந்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். எத்தனை ஏக்கர், என்ன பயிர், என்ன மண், இப்போது என்ன டிராக்டர் வைத்திருக்கிறார், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும். இந்தக் கேள்விகளை முன்பே இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். டீலர் வந்தால் கேள்வி வேறு: எந்தப் பகுதிக்கு விநியோக உரிமை, குறைந்தபட்சம் எத்தனை வாங்க வேண்டும், மெக்கானிக்குக்குப் பயிற்சி தருவார்களா.

பொருளுக்குப் பொருள் கவனிக்க வேண்டியவை

டிராக்டரில் எஞ்சின் திறன் ஒன்று, பின்னால் பி.டி.ஓ. தண்டில், அதாவது இணைத்த கருவியைச் சுழற்றி இயக்கும் தண்டில், கிடைக்கும் திறன் இன்னொன்று. இரண்டாவது எப்போதும் குறைவு. கருவி வாங்குபவருக்கு வேண்டியது அதுதான். "எத்தனை எச்.பி.?" என்ற கேள்விக்கு எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். பி.டி.ஓ. வேகம் 540, 1000 என்று நிமிடச் சுற்றில் வரும். 540-க்கு உருவாக்கிய கருவியை 1000-இல் ஓட்டினால் உடையும், ஆளுக்கும் ஆபத்து. ஆகவே இந்த எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். 'ஐசோபஸ்' என்பது வெவ்வேறு நிறுவனங்களின் டிராக்டரும் கருவியும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் தரம், ஐ.எஸ்.ஓ. 11783. அதை மொழிபெயர்க்க முயலாமல், என்ன செய்யும் என்று ஒரு வரியில் விளக்குங்கள்.

தெளிப்பான் நாசில்களின் நிறத்துக்கும் பொருள் உண்டு. ஐ.எஸ்.ஓ. நிறக் குறியீட்டின்படி மஞ்சள் நாசில் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 0.8 லிட்டரும், நீல நாசில் சுமார் 1.2 லிட்டரும் தரும். அனுபவமுள்ளவர்கள் "மஞ்சளைப் போடு" என்றே பேசுவார்கள். நிறத்தை விட்டுவிட்டு 'நாசிலை மாற்று' என்று மட்டும் சொன்னால் அளவே போய்விடும்.

விதையில் முளைப்புத் திறன், தூய்மை, ஆயிரம் விதை எடை மூன்றும் கட்டாயம் வரும். வெளிநாட்டு நிறுவனங்கள் மக்காச்சோள விதையைக் கிலோவில் அல்லாமல் எண்ணிக்கையில் விற்கும். அமெரிக்கப் பை ஒன்றில் வழக்கமாக 80,000 விதை, ஐரோப்பாவில் ஓர் 'யூனிட்' வழக்கமாக 50,000 விதை. "ஒரு பை என்ன விலை?" என்று கேட்டால் பையில் எத்தனை விதை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வீரிய ஒட்டு விதையின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கலாமா என்று விவசாயி நிச்சயம் கேட்பார். பதிலை நிறுவனத்தார் சொல்லட்டும், உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் நீங்கள் சொல்ல வேண்டாம்.

உரத்தில் பையின் மேல் உள்ள மூன்று எண்கள் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்தின் சதவீதம். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெரும்பாலும் ஆக்சைடு கணக்கில் சொல்லப்படுகின்றன. சில நாடுகளில் தனிமக் கணக்கில் சொல்வார்கள். ஆக்சைடு கணக்கில் 46 சதவீதம் உள்ள மணிச்சத்து தனிமக் கணக்கில் ஏறத்தாழ 20 சதவீதம்தான். எண்கள் ஒத்துப்போகாமல் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கினால், முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பூச்சிமருந்தில் மட்டும் ஒருபோதும் நினைவிலிருந்து அளவு சொல்லாதீர்கள். லேபிளைக் கையில் எடுத்து, அதைப் படித்து மொழிபெயருங்கள். வணிகப் பெயர் வேறு, அதிலுள்ள செயல்படு மருந்தின் பெயர் வேறு. ஒரே மருந்து பல பெயரில் பல செறிவில் விற்கிறது. தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்ற காத்திருப்புக் காலத்தை, கேட்காவிட்டாலும், நிறுவனத்தார் சொன்னால் முழுமையாகச் சொல்லுங்கள். அவசரத்தில் விடுபடும் வரி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கிறது, உண்பவர் உடம்பைத் தொடுவதும் அதுதான்.

தானிய வணிகத்தில் ஈரப்பதம்தான் விலையைத் தீர்மானிக்கும். அதைச் சொல்ல இரண்டு கணக்கு உண்டு. நீரையும் சேர்த்த மொத்த எடையை வைத்துச் சொல்வது ஈர எடைக் கணக்கு, நீர் நீங்கிய எடையை வைத்துச் சொல்வது உலர் எடைக் கணக்கு. முதலாவதில் 20 சதவீதம் என்பது இரண்டாவதில் 25 சதவீதம். வணிகர்கள் முதலாவதையும், உலர்த்தும் கருவி வடிவமைக்கும் பொறியாளர்கள் சில நேரம் இரண்டாவதையும் சொல்வார்கள். சொட்டுநீரில் மணிக்கு எத்தனை லிட்டர், சொட்டுவான்களுக்கு இடைவெளி எவ்வளவு, வடிகட்டி எத்தனை மைக்ரான் என்பவை வரும். வடிகட்டியை ஒருவர் 'மெஷ்' (ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்ணிகளின் எண்ணிக்கை) என்றும் இன்னொருவர் மைக்ரான் என்றும் சொல்வார், 120 மெஷ் சுமார் 130 மைக்ரான். மெஷ் கூடினால் துளை சிறிதாகும், மைக்ரான் கூடினால் துளை பெரிதாகும் என்பதை மறக்காதீர்கள். பால் பண்ணையில் ஒரு கறவைக் காலம் என்றால் 305 நாள் கணக்கு. சிலர் பாலைக் கிலோவில் சொல்வார்கள், ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ.

விலை பேசும்போது

ஏற்றுமதிப் பேச்சில் வரும் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்றவை பன்னாட்டு வர்த்தக சபையின் இன்கோடெர்ம்ஸ் விதிகள், செலவும் பொறுப்பும் எதுவரை விற்பவருடையது என்று சொல்பவை. 2020 பதிப்பில் 11 விதிகள் இருக்கின்றன. இவற்றை எழுத்துகளாகவே சொல்லுங்கள், கூடவே துறைமுகத்தின் பெயரையும் விடாமல் சொல்லுங்கள். பெயர் இல்லாத எஃப்.ஓ.பி. விலைக்கு அர்த்தமில்லை. எஃப்.ஓ.பி. என்றால் ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றியதும் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுகிறது. சி.ஐ.எஃப். என்றால் சேருமிடத் துறைமுகம் வரை கூலியும் காப்பீடும் விற்பவர் கட்டுகிறார். ஆனால் சேத அபாயம் அங்கேயும் ஏற்றும்போதே மாறிவிடுகிறது. புதிதாக இறக்குமதி செய்பவர் பலர், "துறைமுகம் வரை அவர் பொறுப்பு" என்று தவறாக எண்ணுவதுண்டு. அதைத் திருத்துவது உங்கள் வேலையல்ல. அவர் தமக்குப் புரிந்ததை வாய்விட்டுச் சொன்னால், அதை அப்படியே மறுபக்கம் மொழிபெயருங்கள். தவறு அங்கே வெளிப்பட்டுவிடும்.

மரப்பெட்டி, மரப்பலகையில் சரக்கு வருமென்றால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை பற்றிப் பேச்சு வரும். மரத்தின் வழியே பூச்சி பரவாதிருக்க, பன்னாட்டுத் தரப்படி அதைப் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றுவது அதற்கான முறைகளில் ஒன்று. விதை, நாற்று, பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

பேச்சு தொடங்கும் முன்னரே இரு தரப்பிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள்: இந்த மேசையில் என் காதில் விழுவதையெல்லாம் மொழிபெயர்ப்பேன். இல்லாவிட்டால் ஒருவர் தம் கூட்டாளியிடம் "இன்னும் ஐந்து சதவீதம் குறைப்பான்" என்று சொல்லிவிட்டு, "இதைச் சொல்ல வேண்டாம்" என்று உங்களிடம் கெஞ்சுவார். தனியாகப் பேச வேண்டுமென்றால் எழுந்து போய்ப் பேசட்டும்.

"சரி, பார்க்கலாம்" என்பதை ஒப்புதலாக மாற்றிவிடாதீர்கள். தலையசைத்துக்கொண்டே "சரி சரி" என்று கேட்பவர், பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றுதான் சொல்கிறார். வெளிநாட்டவர் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டு தாளை நீட்டுவார். ஒப்புதலா என்று ஐயம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "இந்த விலைக்குச் சம்மதம் என்று சொல்லலாமா?" பேரம் முடிந்ததும் பொருள், எண்ணிக்கை, விலை, நாணயம், ஒப்படைக்கும் முறை, பணம் கட்டும் முறை, விலை எந்தத் தேதி வரை செல்லும் என்ற ஏழு விவரத்தையும் இரண்டு மொழியிலும் உரக்கப் படியுங்கள். சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

செயல்விளக்க வயலில்

எஞ்சின் ஓடும்போது மொழிபெயர்க்க முயலாதீர்கள். ஓட்டும் முன் என்ன பார்க்கப் போகிறோம் என்று ஒரு முறை, நிறுத்தியபின் என்ன நடந்தது என்று ஒரு முறை. இந்த வரிசையை ஓட்டுநரிடம் முன்பே பேசி வையுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிரே நின்றால் தூசியும் தெளிப்புத் துளியும் முகத்துக்கு வரும். தெளிப்பு விளக்கத்தில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும்.

துப்பட்டா, சேலைத் தலைப்பு, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு ஆகியவற்றோடு பி.டி.ஓ. தண்டின் அருகில் போகவே கூடாது. 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று, துணி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே கிடைக்காது. பாதுகாப்பு எச்சரிக்கை கேட்டால் வரிசை பார்க்காமல் உடனே, உரக்க, சுருக்கமாகச் சொல்லுங்கள். "தள்ளி நில்லுங்க!" என்பதே போதும், முழு வாக்கியம் பிறகு.

தவறு நேர்ந்தால்

எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டது புரிந்த கணமே, "மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறேன், 15 அல்ல, 50" என்று இரு மொழியிலும் சொல்லுங்கள். நைசாக அடுத்த வாக்கியத்தில் சரிசெய்ய முயன்றால், முதல் எண் யாருடைய நோட்டிலோ எழுதப்பட்டு நிற்கும். சொல் தெரியாவிட்டால் பாகத்தைக் கையால் தொட்டுக் காட்டி, அது செய்யும் வேலையைச் சொல்லுங்கள். ஊகித்து ஒரு சொல்லைப் போடுவது தெரியாது என்பதைவிடக் கெடுதல்.

விடுபடல்கள் பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிறகு நடக்கும். களைப்பு வந்ததும் மூளை சுருக்கத் தொடங்குகிறது. ஐந்து வரி மூன்றாகிறது, நிபந்தனைகள் உதிர்கின்றன. உங்கள் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட வெகுவாகக் குட்டையாகிறது என்று உணர்ந்தால், பத்து நிமிடம் ஓய்வு கேட்டு ஸ்டாலுக்கு வெளியே போய் உட்காருங்கள். பேசியவரையும் சிறு சிறு துண்டாகப் பேசச் சொல்லுங்கள்.

மாலையில்

ஸ்டால் மூடும் முன், வந்தவர்களின் பெயர், ஊர், கேட்ட பொருள், கொடுத்த வாக்குறுதி ஆகியவற்றை நிறுவனத்தாரின் படிவத்தோடு ஒத்துப் பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டு தவறினால் மின்னஞ்சல் போய்ச் சேராது. அன்று புதிதாகக் கேட்ட சொற்களை அன்றே பட்டியலில் சேருங்கள், குறிப்பாக விவசாயிகள் சொன்ன பெயர்களை. அடுத்த கண்காட்சிக்கு அதுவே முதல் கையிருப்பு. விலையும் பேரமும் எழுதிய பக்கங்களைக் கிழித்து நிறுவனத்தாரிடமே கொடுத்துவிடுங்கள், அல்லது அவர் முன்னால் அழித்துவிடுங்கள். கூடுதலாக வேலை செய்த நேரத்தை அன்றன்றே பொறுப்பாளரிடம் சொல்லி ஒப்பம் வாங்குங்கள். கடைசி நாள் மாலை எல்லாரும் இயந்திரங்களை லாரியில் ஏற்றும் அவசரத்தில் இருப்பார்கள், அப்போது முதல் நாளின் இரண்டு மணி நேரம் யாருக்கும் நினைவிருக்காது.